சினைக் கொஞ்சுக்கு வழி விடுவார்களா?

ஆலப்புழை, கோட்டயம் பக்கம் வேலை பார்க்கும் நம்மவர்களுக்கு ஆற்றுக் கொஞ்சைத் தெரியாமல் இராது. நம் ஊரில் ஆற்று இறால் என்போம். ஆண் கொஞ்சுக்கு நீண்ட நீலக் கால்கள். நன்றாக வளர்ந்தால் ஓர் அடி இருக்கும். சம்பளத் தேதியில்கூட விலையைக் கேட்டுவிட்டு நகர வேண்டிய சரக்கு!

1960-களில் வேம்பநாட்டுக் காயலில் தாராளமாகக் கிடைத்தது. இன்று கிடைப்பது சொற்பம்.

காரணம், அதன் பிறப்பிலேயே இருக்கிறது. வளர்வது பம்பை, மணிமலை, மீனச்சல் ஆறுகளின் நல்ல தண்ணீரில். குஞ்சு பிழைப்பதோ உப்புக் கலந்த தண்ணீரில். பொரித்த சில நாட்களுக்குள் உப்பு கிடைக்காவிட்டால் செத்துவிடும். மலேசியாவின் பினாங்கில் 1961-ல் லிங் என்ற நிபுணர் கண்டுபிடித்த உண்மை இது. ஆகவே மழை ஓய்ந்ததும் சினைக் கொஞ்சுகள் கொச்சிப் பக்கம் இறங்குகின்றன.

இடையே நிற்கிறது தண்ணீர்முக்கம் தடுப்பணை. குட்டநாட்டு நெல்லை உப்பிலிருந்து காக்க, 1976 முதல் இயங்குகிறது. நெல்லும் வேண்டியதுதான், ஆனால் மதகு மூடியிருக்கும் மாதங்களில் கொஞ்சுக்குப் போகவும் வழியில்லை, குஞ்சுக்குத் திரும்பவும் வழியில்லை. மீன்வளத்துறை காயலில் குஞ்சுகளை விட்டு வருகிறது.

மீதியைப் பிடிக்கிறது பறி. உள்ளே நுழைய வழி உண்டு, வெளியேற வழி தெரியாது. கொஞ்சு இரவில் இரை தேடும் பிராணி. மாலையில் இரை வைத்து இறக்கினால் காலையில் எடுக்கலாம். நஞ்சு கலப்பது, தோட்டா போடுவது போன்ற அக்கிரமங்களைவிடப் பறி எவ்வளவோ மேல். விழுந்தது உயிரோடு இருக்கும். வேண்டாததைத் திருப்பி விடலாம்.

விட வேண்டியது சினைக் கொஞ்சை. வயிற்றடியில் முட்டைகளைக் கொத்தாகச் சுமந்திருக்கும். பெரிய பெண் கொஞ்சு ஒன்றில் 80,000 முட்டைக்கு மேல்கூட இருக்கும். ஆரஞ்சு நிறமானால் புதுச் சினை. சாம்பல் நிறமானால் பொரிக்கும் நாள் நெருங்கிவிட்டது. ஆனால் அன்று பறியில் விழுந்தது அது ஒன்றுதான் என்றால், அரிசிக்கு என்ன செய்வது? காயலோரத்தில் பறி வைப்பவரின் சங்கடம் அதுதான்.

மதகுகளை மூட விதித்த நாள் டிசம்பர் 15. அதற்குள் சினைக் கொஞ்சு அணையைத் தாண்டியாக வேண்டும்.