லார்சாக் மேட்டில் சைக்கிள் மிதித்த இரண்டு நாள்

மியோ நகரத்திலிருந்து மேலே ஏறுகிற சாலையில் மூன்றாவது கொண்டை ஊசி வளைவிலேயே நான் சைக்கிளை விட்டு இறங்கிவிட்டேன். "மெதுவா அண்ணா, மெதுவா" என்றார் முன்னால் போன நண்பர். நான்கு வருடத்துக்கு முன்பு எங்கள் வயலில் ஒரு சம்பா பருவம் முழுக்கத் தங்கி வேலை செய்த பிரெஞ்சுக்காரர் அவர். நாற்றுக்கட்டைத் தூக்கிக்கொண்டு வரப்பில் ஓடி ஓடி விழுந்தவரிடம் நான் தினமும் சொன்ன சொல்லை இப்போது எனக்கே திருப்பிக் கொடுத்தார்.

எனக்கு 56 வயது. பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்து சைக்கிள்தான். ஆனால் எங்க ஊர்ப்பக்கம் ஏரிக்கரையைவிட உயரமான மேடு கிடையாது. இங்கேயோ தார்ன் ஆற்றங்கரையில் இருக்கிற மியோவிலிருந்து நானூறு மீட்டர் உயரம் ஏறினால்தான் லார்சாக் பீடபூமி. பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் பை வேறு. இருப்பதிலேயே சின்ன கியரில் போட்டு, எழுந்து நின்று மிதிக்காமல் உட்கார்ந்தபடியே சுற்றணும் என்பது ஐந்தாவது வளைவில்தான் பிடிபட்டது.

இது ஒரு காலத்தில் பாரீஸ் பக்கமிருந்து தெற்குக் கடற்கரைக்கு வரும் பெரிய நெடுஞ்சாலை. 2004-இல் மியோ மேம்பாலம் திறந்த பிறகு லாரியும் காரும் அதன்மேல் போய்விட்டன. வளைவுகளில் திரும்பும்போது தூரத்தில் அந்தப் பாலம் தெரிகிறது. உச்சி 343 மீட்டர். அதைப் பார்த்து வாயைப் பிளக்கலாம், ஆனால் எனக்குப் பழைய சாலைதான் பிடித்தது. ஊருக்கு வெளியே சைக்கிளை முந்தும் வண்டி ஒன்றரை மீட்டர் இடம் விட்டு முந்த வேண்டும் என்று அங்கே சட்டம். பின்னால் வந்த டிராக்டர்காரர் ஹாரன் அடிக்காமல் நேர்ச்சாலை வரும்வரை என் வேகத்திலேயே வந்தார். நம்மூரில் நடக்குமா?

மேலே ஏறியதும் வேறு உலகம். கண்ணுக்கெட்டிய தூரம் காய்ந்த புல்லும் சுண்ணாம்புக் கல்லும். பொறுக்கிய கல்லை அடுக்கியே வேலிச்சுவர் கட்டியிருக்கிறார்கள், சாந்து இல்லாமல். நடுநடுவே கிண்ணம் மாதிரிக் குழிந்த இடங்களில் மட்டும் செம்மண் சேர்ந்திருக்கிறது. அங்கேதான் உழவு. மற்றதெல்லாம் ஆட்டுக்கு. மழை பெய்தால் தண்ணீர் நிற்காது, கல்லின் வெடிப்பு வழியாக உள்ளே இறங்கி, பள்ளத்தாக்கின் அடியில்தான் ஊற்றாக வெளியே வரும்.

இதைப் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, நாக்கு வறண்டு தெரிந்துகொண்டேன். செப்டம்பர் வெயில்தானே என்று ஒரே ஒரு பாட்டில் தண்ணீரோடு கிளம்பியிருந்தேன். ஓடை இல்லை, கிணறு இல்லை, டீக்கடையா இருக்கும்! நண்பர் ஒரு சின்ன ஊரின் கல்லறைத் தோட்டத்துக்குள் கூட்டிப்போனார். பூச்செடிக்கு ஊற்ற அங்கே குழாய் இருக்குமாம். குடிக்கக்கூடாது என்று எழுதியிருக்கிறதா எனப் பார்த்துவிட்டுப் பிடிக்கணும். ஊர் ஊராகச் சைக்கிளில் போகிறவர்கள் எல்லோருக்கும் இந்த ரகசியம் தெரியுமாம்.

லா கூவர்த்துவராத் என்ற கோட்டைச்சுவர் சூழ்ந்த பழைய ஊருக்கு வெளியே ஒரு குட்டை பார்த்தேன். அரைமணி நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். 'லவோஞ்' என்கிறார்கள். வட்டமாகக் குழித்து, அடியில் களிமண் போட்டு, அதன்மேல் கல் பாவியிருக்கிறார்கள். ஆடு இறங்கிக் குடிக்கும்போது குளம்பு பட்டுக் களிமண் கிழிந்துவிடக்கூடாது என்பதற்காகக் கல். வீடுகளில் கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்தார்கள். நம்ம ராமநாதபுரத்து ஊருணிக்காரர்கள் பார்த்தால் அவர்களோடு உட்கார்ந்து நாள் முழுக்கப் பேசுவார்கள்.

ஊருக்குள் பல கதவுகளில் காய்ந்த பெரிய முள்பூ ஒன்றை ஆணியடித்து மாட்டியிருந்தார்கள். அழகுக்கு என்று நினைத்தேன். காற்றில் ஈரம் ஏறினால் அது மூடிக்கொள்ளுமாம், மழை வரும் என்று அர்த்தம்.

நண்பர் என்னைக் கூப்பிட்டது சைக்கிள் ஓட்ட. நான் இந்த மேட்டைத் தேர்ந்தெடுத்ததற்கு வேறு காரணம் உண்டு. போன தை மாதம் எங்கள் ஊரில் 47 குடும்பங்களுக்கு நிலம் எடுக்கும் நோட்டீஸ் வந்தது. எங்களுடைய இரண்டு ஏக்கர் நாற்பது சென்ட்டும் அதில். 'கொடுக்கமாட்டோம்' என்று 19 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். எங்க வீட்டுக்குள்ளேயே இரண்டு கருத்து.

லா கவலரி ஊருக்குப் பக்கத்தில் முள்கம்பி வேலி சாலையோடு கூடவே வரும். ராணுவ முகாம். 1902-இலிருந்து இருக்கிறது. சுமார் 3,000 ஹெக்டேராக இருந்ததை 17,000 ஹெக்டேராக்கப் போகிறோம் என்று 1971-இல் அரசு அறிவித்தது. உள்ளே மாட்டிக்கொண்ட உழவர்கள் 109 பேர். அவர்களில் 103 பேர் 1972 மார்ச்சில், நிலத்தை விற்கமாட்டோம் என்று கூட்டாக உறுதி எடுத்துக் கையெழுத்திட்டார்கள். அதே மாதம் லா கவலரியில் 15 நாள் உண்ணாநோன்பு இருந்தவர் லான்சா டெல் வாஸ்தோ. 1937-இல் வார்தாவில் காந்தியோடு தங்கி, அவரிடம் சாந்திதாஸ் என்று பெயர் வாங்கியவர். அடுத்த பத்து வருடமும் ஆள்மேல் கை வைக்காத போராட்டம். பாரீசில் ஈஃபில் கோபுரத்துக்குக் கீழே ஆடு மேய்த்தார்கள். டிராக்டரில் போனார்கள், 1978-இல் நடந்தே போனார்கள். ராணுவம் வாங்கிவிடக்கூடாது என்று துண்டு துண்டாக நிலத்தை ஆயிரக்கணக்கான ஆதரவாளர்கள் பங்கு போட்டு வாங்கினார்கள். 1981-இல் மித்தரான் ஜனாதிபதியானதும் திட்டம் கைவிடப்பட்டது.

அன்று இரவு தங்கியது நண்பருக்குத் தெரிந்த ஒரு அம்மா வீட்டில். 1973-இல் இருபது வயதில் ஆதரவு தெரிவிக்க வந்தவர், திரும்பிப் போகவே இல்லை. ராணுவம் வாங்கிப் பூட்டிப்போட்ட ஒரு பண்ணையில் குடியேறி ஆடு வளர்த்தாராம். ரொட்டியும் ரோக்ஃபோர் பாலாடைக்கட்டியும் வைத்தார். லாகோன் இனச் செம்மறியின் காய்ச்சாத பாலில் செய்து, மலைக்குகையில் பூஞ்சணம் பிடிக்க வைத்தது. முதல் கடி கஷ்டம். மூன்றாவது கடியில் நம்ம கருவாடு மாதிரி, விடமுடியவில்லை.

நிலம் இப்போது யார் பேரில் இருக்கு என்று கேட்டேன். அரசு பேரில்தான். ராணுவம் வாங்கியிருந்த சுமார் 6,300 ஹெக்டேரை 1985-இல் உழவர்களே நடத்தும் ஒரு சங்கத்துக்கு 60 வருடக் குத்தகைக்குக் கொடுத்தார்கள். 2013-இல் அதை 2083 வரை நீட்டியாகிவிட்டது. சங்கம் உழவருக்கு நிலத்தையும் வீட்டையும் சேர்த்துக் குத்தகைக்கு விடும், ஓய்வு பெறும் வயது வரை. விற்கமுடியாது, பிள்ளைக்கு எழுதிவைக்கவும் முடியாது. காசில்லாத இளைஞர்கள் உழவுக்கு வர முடிவது இதனால்தான்.

"அப்படின்னா உங்க வீடு?" என்றேன்.

"விட்டுட்டேன். முப்பத்தஞ்சு வருஷம் இருந்த வீடு. சாவியைக் கொடுத்த அன்னிக்கு அழுதேன். இப்ப அங்க ஒரு சின்னப் பொண்ணு ஆடு வளர்க்குது" என்று சொன்னதை நண்பர் தமிழில் சொன்னார். சட்டத்தைப் போட்ட கூட்டத்தில் அந்த அம்மாவும் கை தூக்கியவராம். சிலருக்கு இதில் இன்னும் வருத்தம் இருக்கிறது என்பதையும் மறைக்காமல் சொன்னார். எனக்கும் சட்டென்று ஒப்புக்கொள்ள முடியவில்லை. பாட்டன் சொத்து என்றே பேசிப் பழகிய வாய் இது.

எங்கள் நோட்டீஸ் கதையைக் கேட்டுவிட்டு, "கையெழுத்துப் போடாத 28 பேர் வீட்டுக்கு எத்தனை தடவை போனீங்க?" என்று கேட்டார். கூட்டத்துக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினோம் என்றேன். அவர் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டார்.

மறுநாள் காலை நாந்த் ஊருக்கு இறக்கம். ஏறும்போது கால் என்றால் இறங்கும்போது கை. பிரேக்கைப் பிடித்துப் பிடித்து விரல் மரத்துவிட்டது. இறுக்கிப் பிடித்தபடியே இருக்காமல் வளைவுக்கு முன்னால் அழுத்தி, பிறகு விடணும் என்றார் நண்பர். நாந்திலிருந்து மியோ வரை முப்பது கிலோமீட்டருக்கு மேல் தூர்பி ஆற்றையொட்டிய சாலை. நிழல், தண்ணீர் சத்தம். இருபக்கமும் செங்குத்துப் பாறை. தலைக்குமேல் பிணந்தின்னிக் கழுகுகள் வட்டமிட்டன. அழிந்துபோன இனத்தை 1980-களில் திரும்பக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். செத்த ஆட்டை அவற்றுக்கென ஒதுக்கிய இடத்தில் உழவர்களே போடுகிறார்கள். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசியால் நாம் கழுகை இழந்த கதை நண்பருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது.

மியோவில் வாடகைக் கடை திறக்க ஒரு மணி நேரம் இருந்தது. நண்பர் காப்பி வாங்கப் போனார். சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, நோட்டில் அந்த 28 பேரைத் தெருவாரியாக எழுத ஆரம்பித்தேன். முதல் பெயர் என் தம்பி.