மடைத்தொழிலுக்குச் சான்று பகர்வார் யார்?

தமிழிலே 'மடையன்' என்னுஞ் சொல் இரண்டு உண்டு. அறியாமை எனப் பொருள்படும் 'மடம்' என்பதன் அடியாகப் பிறந்தது ஒன்று. சோறு, சமையல் எனப் பொருள்படும் 'மடை' என்பதன் அடியாகப் பிறந்தது மற்றொன்று. முன்னையது அறிவிலியைக் குறிக்கும். பின்னையது சமையற்றொழில் வல்லானைக் குறிக்கும். கோயிலிலே நிவேதனஞ் சமைக்கும் இடத்தை இன்றும் மடைப்பள்ளி என்றே வழங்குகின்றோம். ஒலியால் ஒத்து வேரால் வேறுபட்ட இவ்விரு சொற்களும் உலக வழக்கிலே ஒன்றோடொன்று மயங்கின. சமைப்பவன் என்றாற் படியாதவன் என்னும் எண்ணமும் அம்மயக்கத்தோடு நம்மவர் உள்ளத்திலே குடிபுகுந்துவிட்டது போலும்.

பண்டையோர் அவ்வாறு எண்ணினாரல்லர். வீமன் இயற்றியதாகக் கருதப்பட்ட சமையல் நூலொன்றின் நெறி வழுவாது ஆக்கிய உணவை நல்லியக்கோடன் பாணர்க்கு இடுவதாகச் சிறுபாணாற்றுப்படை பேசுகின்றது. மணிமேகலை, ஆடல் மகளிர் கற்றுத் துறைபோகவேண்டிய கலைகளை அடுக்கிச் சொல்லுமிடத்து மடைநூலையும் அவற்றுள் ஒன்றாக வைத்து எண்ணுகின்றது. நளனும் வீமனும் அரசர் குலத்தவராயினும் அடுக்களை புகுந்து பேர் பெற்றமையை நளபாகம், வீமபாகம் என்னுந் தொடர்கள் இன்றும் நினைவூட்டுகின்றன. அக்காலத்திலே தொழிலுக்கு நூல் இருந்தது. நூலைக் கற்றல் இருந்தது. கற்றமைக்குப் புகழும் இருந்தது. இன்று நமது ஊர்ச் சாப்பாட்டுக் கடையின் அடுப்படியிலே நிற்கும் ஒருவனுக்கு இம்மூன்றனுள் எது உண்டு?

இவ்வினாவை என்னுள்ளே எழுப்பியவன் என் பழைய மாணவன் ஒருவன். ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்னர், நன்னூற் சூத்திரம் ஒன்றை மூன்று நாளாகியும் ஒப்புவியாதிருந்த அவனை, வகுப்பிலே எல்லாருங் கேட்க, மேலே கூறிய இரு சொற்களுள் முன்னையதைச் சொல்லி வைதேன். அவ்வாண்டின் இறுதியிலே அவன் படிப்பை விட்டான். இன்று சந்தியிலுள்ள சாப்பாட்டுக் கடையிலே அவனே தலைமைச் சமையற்காரன். "நான் வைத சொல் அதன் இரண்டாவது பொருளிலே பலித்துவிட்டது" என நண்பர்களிடம் வேடிக்கையாகச் சொல்லியதுமுண்டு. அந்த வேடிக்கையை நினைக்க இப்பொழுது நாணுகின்றேன்.

சட்டம் கேட்கும் சான்று

சென்ற ஆண்டு எங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருநாள் மாலை என் இல்லத்துக்கு வந்தார். கடைகளிலே உணவைக் கையாளுவோருக்கு வகுப்பொன்று நடத்த எண்ணியிருப்பதாகவும், அவர்களுக்குக் கொடுத்தற்குரிய குறிப்பை நல்ல தமிழிலே எழுதித் தருதல் வேண்டுமென்றும் கேட்டார். மறுத்தற்குக் காரணம் யாதுமில்லை. பொருளறியாது எழுதுதல் தகாதாகலின், முதலிலே சட்டநூல்களைத் தேடிப் படித்தேன்.

நமது நாட்டிலே இத்துறை புதியதன்று. 1926 ஆம் ஆண்டிலே களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு நிறுவப்பெற்ற நாள்தொட்டு, நோயாளியைத் தேடி மருந்து கொடுப்பதோடமையாது, நோய் பிறக்குமிடத்தைத் தேடிச் செல்லும் முறை வளர்ந்து வந்தது. உணவகங்கள், தேநீர்க் கடைகள், வெதுப்பகங்கள் முதலியவற்றுக்கான துணைவிதிகளை ஒவ்வொரு சபையும் தனித்தனியே ஆக்கி இடர்ப்படாவண்ணம், நியமத் துணைவிதிகளுக்கு வழிசெய்யுஞ் சட்டம் 1952 இல் இயற்றப்பட்டது. 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டம் நாடு முழுவதற்கும் உரியது. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் கடைகளுக்கு உரிமம் வழங்கும் அதிகாரத்தை ஊர்ச் சபைகளிடம் ஒப்படைக்கின்றது. உணவுச் சட்டத்தின் கீழான 2011 ஆம் ஆண்டுச் சுகாதார ஒழுங்குவிதிகள் கட்டடம், நீர், கழிவு என்பவற்றோடு, உணவைத் தொடும் மனிதனின் உடல், உடை, பழக்கம் என்பவற்றையும் நோக்குகின்றன.

சான்றிதழ் என்னுஞ் சொல்லிலே 'சான்று' என்பது சாட்சி எனப் பொருள்படும். எனின், கடைச் சுவரிலே தொங்குந் தாள்கள் எதற்குச் சாட்சி? உரிமம் கட்டடத்துக்குச் சாட்சி. மருத்துவச் சான்று, பரிசோதித்த நாளிலே அவ்வுடல் இருந்த நிலைக்குச் சாட்சி. நெருப்புக் காய்ச்சலுக்கு எதிராக ஊசி ஏற்றிக்கொண்டமைக்கு இன்னொரு தாள் சாட்சி. இவையெல்லாம் வேண்டுவனவே. ஆயினும், அடுப்படியிலே நிற்பவன் தான் செய்வதை அறிந்து செய்கின்றான் என்பதற்குச் சாட்சி எங்கே? அந்த நான்காவது சான்றுக்கு வகுப்பே வழி.

என் குறிப்பும் அவன் உரையும்

குறிப்பை எழுதினேன். எழுதி முடித்து உரக்கப் படித்தபொழுது மனம் மிக மகிழ்ந்தது. "பச்சையூனையும் பக்குவமுற்ற உணவையும் ஓரிடத்தே வையற்க, குறுக்குமாசு விளையும்" என்பது அதிலே ஒரு விதி. வகுப்பு நாளன்று சுமார் முப்பது பேர் சனசமூக நிலையத்திலே கூடியிருந்தனர். கடைசி வாங்கிலே என் மாணவனும் இருந்தான். நான் படித்து முடித்ததும் அவன் எழுந்து நின்றான்.

"ஐயா, குறைநினையாதேங்கோ. குறுக்குமாசு எண்டால் என்ன?"

ஒரு பொருளிலுள்ள மாசு மற்றொரு பொருளிலே சென்று சேர்தல் எனவும், அது கை, கருவி, கலம் ஆகியவற்றின் வாயிலாக நிகழும் எனவும் விரித்துரைத்தேன். அவன் சற்றே எண்ணிப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்தவர்கள் பக்கமாகத் திரும்பினான்.

"கோழி வெட்டின பலகையைக் கழுவாமல் அதிலை சம்பலுக்கு வெங்காயம் வெட்டப்படாது எண்டு ஐயா சொல்லுறார். கோழி பிறகு வேகும், வெங்காயம் வேகாது. உவ்வளவுதான்."

எல்லாருந் தலையசைத்தனர். விதியை மட்டுமன்றி அதன் காரணத்தையும் இரண்டே சிறு வாக்கியங்களிலே அடக்கிவிட்டான். சூத்திரம் என்பதன் இலக்கணம் இதுவன்றோ!

அதன்பின் என் குறிப்பை ஒருபுறம் வைத்துவிட்டு, ஒவ்வொரு விதியையும் அவர்களோடு சேர்ந்து மீளச் சொல்லத் தலைப்பட்டோம். உலக சுகாதார நிறுவனம் 2001 ஆம் ஆண்டிலே உணவுப் பாதுகாப்புக்கு ஐந்து திறவுகோல்களை வகுத்தது. துப்புரவாயிருத்தல், பச்சையையும் சமைத்ததையும் பிரித்து வைத்தல், நன்றாக வேகவைத்தல், உரிய சூட்டிலோ குளிரிலோ வைத்தல், நல்ல நீரையும் நல்ல பொருளையும் பயன்படுத்தல் என்பன அவை. 5 பாகை செல்சியசுக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட சூட்டிலே கிருமிகள் விரைந்து பெருகும் என்பது நான்காவது திறவுகோலின் அடிப்படை. "ஆவி பறக்க வேணும், இல்லாட்டிக் குளிர்ந்திருக்க வேணும், இளஞ்சூடு கூடாது" என்று அதைச் சொன்னவர் ஒரு வயோதிப மாது. காலையிலே பொரித்துக் கண்ணாடி அலுமாரியில் அடுக்கிய றோல்ஸ் மாலைவரை எந்தச் சூட்டிலே இருக்கின்றது என்று ஒருவர் கேட்டபொழுது சபையிலே சிரிப்பும் எழுந்தது, சிந்தனையும் எழுந்தது.

காரணம் அறிந்தாலன்றி விதி மனத்திலே நில்லாது. சோற்றிலே தங்கும் ஒருவகைக் கிருமியின் வித்து, சோறு வெந்தபின்னும் சாவதில்லை. பெரிய கிடாரத்திலே மூடி வைத்த சோறு மெல்ல ஆறும்பொழுது அது முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். கைவிரலிலே சீழ்ப்புண் உடையவன் உணவைத் தொட்டால், அப்புண்ணின் கிருமி உணவிலே நஞ்சைக் கக்கும். உணவை மறுபடி கொதிக்கவைத்தாற் கிருமி சாகும், நஞ்சு எஞ்சும். 'சுடவைத்தால் எல்லாஞ் சரி' என நெடுங்காலம் நம்பியிருந்த பலர் இதைக் கேட்டுத் திகைத்தனர். நானும் அவர்களுள் ஒருவன்.

மேரி என்னுஞ் சமையற்காரி

நற்சமையல் வேறு, நோயற்ற சமையல் வேறு என்பதற்கு வரலாற்றிலே ஒரு துயரமான சான்றுண்டு. அயர்லாந்திலே பிறந்து அமெரிக்காவிலே குடியேறிய மேரி மலோன் என்பவள் கைதேர்ந்த சமையற்காரி. 1906 ஆம் ஆண்டின் கோடையிலே நியூயோர்க்கை அடுத்த ஒய்ஸ்டர் பே என்னுமிடத்தில் அவள் சமைத்த வீட்டிலே பதினொருவருள் அறுவர் நெருப்புக் காய்ச்சலாற் பீடிக்கப்பட்டனர். அவளுக்கோ ஒரு நோயுமில்லை. நோயின் குறி தோன்றாமலே கிருமியைத் தன்னுள்ளே சுமந்தாள். 1907 இல் அவளைப் பிடித்து ஒரு தீவிலே வைத்தனர். இனிச் சமைப்பதில்லை என்னும் வாக்குறுதியின்மேல் 1910 இல் விடுவித்தனர். சலவை வேலையிலே கிடைத்த கூலி சமையற் கூலியிலும் மிகக் குறைவு. 1915 இல் மகப்பேற்று மருத்துவமனையொன்றிலே இருபத்தைந்து பேர் நோயுற்றனர், இருவர் இறந்தனர். அங்கே வேறு பெயருடன் சமைத்துக்கொண்டிருந்தவள் மேரியே. மீண்டும் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவள் 1938 இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தாள்.

இக்கதையை நான் வகுப்பிலே கூறியது, கைகழுவுதலின் அருமையை உணர்த்துதற்கு. என் மாணவனோ அதிலே வேறொன்றைக் கண்டான்.

"ஐயா, வயித்தோட்டம், காய்ச்சல் எண்டால் வேலைக்கு வரவேண்டாம் எண்டு எழுதியிருக்கிறியள். வராட்டி அண்டைக்குச் சம்பளம் இல்லை. மூண்டு நாள் வராட்டி என்ரை இடத்திலை வேறை ஆள் நிக்கும். அந்தப் பொம்பிளையும் உதாலைதானே திரும்பிச் சமைக்கப் போனது? இதுக்கு என்ன எழுதியிருக்கிறியள்?"

நான் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. சபை வாளாவிருந்தது. வகுப்பும் அவ்வளவிலே முடிந்தது.

மறந்துபோன மற்றொரு சட்டம்

அவ்வினா என்னை விட்டு அகலவில்லை. சட்டம் அறிந்த நண்பரொருவரை அணுகிக் கேட்டேன். அவர் எடுத்துக் காட்டியது 1954 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கச் சட்டம். கடை, அலுவலக ஊழியரைப் பற்றியது. உணவும் பானமும் விற்குமிடம் அச்சட்டத்தின்படி கடையே. ஓராண்டு வேலை செய்தவனுக்கு, நோய் முதலிய தக்க காரணங்களுக்காக ஆண்டிலே ஏழு நாள் சம்பளத்தோடு கூடிய விடுமுறை அச்சட்டத்தால் உரித்தாகின்றது. எழுபது ஆண்டுகளுக்கு முன்னரே எழுதப்பட்ட விதி! நோயுற்றவன் உணவைத் தொடலாகாது என ஒரு சட்டம் விலக்குகின்றது. நோயுற்ற நாளிலே அவன் பட்டினி கிடக்கலாகாது என மற்றொரு சட்டம் காக்கின்றது. முன்னையதைச் சொல்ல வகுப்பு நடக்கின்றது. பின்னையதைச் சொல்ல ஒருவருமிலர். ஒரு விதியை மட்டுங் கற்பித்து மற்றதை மறைத்தால், சமையற்காரன் நோயை மறைப்பான். நாம் அவ்வுணவை உண்போம்.

பயிற்சியின் சுமை யாருக்கு என்பதும் இதனோடொத்த வினாவே. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்திலே, உணவைக் கையாளுவோர் வேலையிற் சேர்ந்த முப்பது நாளுள் தேர்வெழுதி அட்டை பெறுதல் வேண்டும் என 2010 இல் சட்டமாக்கினர். அவ்வட்டை மூன்றாண்டுக்குச் செல்லும். தமக்கென முன்னரே முறை வகுத்திருந்த சான் டியாகோ முதலிய சில மாவட்டங்கள் தத்தம் விதியையே கைக்கொண்டன. ஆயினும் செலவு தொழிலாளியின் தலையிலேயே விழுந்தது. 2024 ஆம் ஆண்டின் தொடக்கத்திலிருந்தே, பயிற்சிக் கட்டணத்தையும் பயிலும் நேரத்துக்கான கூலியையும் முதலாளியே தருதல் வேண்டும் என்னும் விதி அங்கு நடைமுறைக்கு வந்தது. செல்வம் மிக்க நாடும் இதனை உணரப் பதின்மூன்று ஆண்டு சென்றது.

நமது ஊர்ச் சபைகள் அத்துணைக் காலம் காத்திருத்தல் வேண்டா. உரிமத்தை ஆண்டுதோறும் புதுப்பிக்கும் வேளையிலே, பயிற்சி நாளுக்குக் கூலி கொடுத்தமையையும் நோய் விடுமுறை கொடுத்தமையையும் கடைக்காரரிடம் கேட்கலாம். தேர்வை எழுத்திலே மட்டும் வையாது, அடுப்படியிலே வாய்மொழியாகவும் வைக்கலாம். நமது தொழிற்றகைமை முறையும், பாடநெறி பயிலாது அனுபவத்தாற் கற்றவரைச் சோதித்துச் சான்றளிக்க இடந்தருகின்றது. ஆசிரியர்களாகிய நமக்கும் ஒரு கடனுண்டு. அச்சிட்ட குறிப்பை வழங்குமுன் அவ்வூர்ச் சமையற்காரர் இருவரிடம் படித்துக் காட்டி, அவர்கள் திருத்தியவாறு திருத்துதல் வேண்டும்.

மறுவாரம் அக்கடைக்குச் சென்று, ஏழு நாள் விடுமுறையைப் பற்றி என் மாணவனுக்குச் சொன்னேன். கைத்துண்டிலே கையைத் துடைத்தபடி அமைதியாகக் கேட்டான்.

"இதை அண்டைக்கே ஏன் ஐயா சொல்லேல்லை?"

"எனக்குத் தெரியாது, தம்பி" என்றேன்.

அவன் சிரித்தான். வேறெதுவுஞ் சொல்லவில்லை. தேநீர் ஆற்றிக் கொணர்ந்து என் முன்னே வைத்தான். அறியாமையாற் பெறும் பெயர் அன்று வகுப்பிலே யாருக்கு உரியதாயிருந்தது என எண்ணியவாறே அதைப் பருகினேன். இப்பொழுது அவன் வாய்மொழித் தேர்வுக்கு ஆயத்தஞ் செய்கின்றான். விதிகளைச் சொல்லிக் காட்ட வாரம் இருமுறை மாலையிலே என் வீட்டுக்கு வருகின்றான். அவன் சொல்லுகின்றான், நான் எழுதிக்கொள்ளுகின்றேன்.