சிங்கி இறாலின் நரம்பும் சூரஞ்சானும்

வைப்பாறு கடலில் கலக்குமிடத்தில் அமைந்த கீழவைப்பார், முத்துக்குளித்துறையின் ஊர்களுள் ஒன்று. மன்னார் வளைகுடாவில் வலையேறும் சிங்கி இறால், வெள்ளை இறால், ஊசிக்கணவாய் ஆகியவற்றின் விலையை இக்கரையில் அறியாதார் இலர். இவ்வினங்களின் நரம்புகள் மனித நரம்பைப் பற்றி அறிவியலுக்குக் கற்பித்தவையோ பலரும் கேள்விப்படாதவை.

நரம்பணுவின் உடல் மிகச் சிறியது. அதிலிருந்து புறப்படும் இழை மிக நீண்டது. நம் முதுகுத்தண்டிலிருந்து பாதம் வரை ஏறத்தாழ ஒரு மீட்டர் ஓடும் இழைகள் உண்டு. நுனிக்கு வேண்டிய புரதங்களில் பெரும்பாலானவை அணுவின் உடலிலேயே உருவாகின்றன. அவை அவ்வளவு தொலைவு செல்வது எவ்வாறு?

இப்னு சீனா (மறைவு 1037) முதலிய அரபு மருத்துவர்கள், மூளையிலிருந்து 'ரூஹ் நஃப்ஸானீ' நரம்புகளின் வழியே உறுப்புகளுக்குப் பரவுவதாகக் கொண்டனர். பார்வை நரம்பை உட்குழிந்த நரம்பு என்றே அழைத்தனர். இது கிரேக்க மருத்துவர் கேலனிடமிருந்து வந்த கருத்து. நரம்பிழைக்குள் குழல்கள் இருப்பது உண்மையே. ஆனால் அவை வெறுங்கண்ணுக்குப் புலப்படாதவை. எனவே முன்னோர் இவற்றை முன்பே கண்டறிந்தனர் என்று வாதிடுவது அவர்களுக்குச் செய்யும் சிறப்பாகாது.

நுண்குழல் எனப்படும் இதன் குறுக்களவு சுமார் 25 நானோமீட்டர். டியூபுலின் என்னும் புரதம் இழையிழையாக அடுக்கப்பட்டு இக்குழலின் சுவராகிறது. முதுகெலும்புள்ள உயிர்களில் பெரும்பாலும் 13 இழைகள் காணப்படும். நன்னீரில் வாழும் சிங்கி இறாலின் உறவினமான கிரேஃபிஷின் நரம்பிழையில் 12 இழைகளே உள்ளன என்பது 1975இல் வெளியாயிற்று. அதே நரம்பைச் சூழ்ந்துள்ள துணையணுக்களில் 13! ஒரு நூற்புழுவிலோ, தொடுவுணர்வு நரம்பில் 15, ஏனைய நரம்புகளில் பெரும்பாலும் 11. ஒரே உடலுக்குள் அளவுகள் ஏன் இவ்வாறு வேறுபடுகின்றன என்பது இன்றும் ஆராயப்படும் வினா.

குழலுக்குத் திசையும் உண்டு. ஒரு முனை விரைந்து வளரும், மறுமுனை அவ்வாறன்று. செய்தியைக் கொண்டுசெல்லும் நீண்ட இழையில் வளர்முனைகள் யாவும் வெளிநோக்கியே இருக்கும். செய்தியை வாங்கும் கிளைகளில்தான் வேறுபாடு: பாலூட்டிகளில் இரு திசைகளும் கலந்துள்ளன; பழ ஈயிலும் நூற்புழுவிலும் பெரும்பாலான குழல்கள் நேர்மாறாகத் திரும்பியுள்ளன. 1985இல் கணவாயின் தடித்த நரம்பிழையிலிருந்து கைனெசின் என்னும் புரதம் பிரித்தெடுக்கப்பட்டது. சரக்கைச் சுமந்து வளர்முனை நோக்கி நடக்கும் சுமைகாரன் அது. நடப்பது குழலின் உள்ளே அன்று, வெளிச்சுவரின் மேல்.

மின்செய்தியின் வேகம் வேறு பொருள். எனினும் ஒன்றைச் சொல்லாமல் கடக்க இயலவில்லை: பினேயஸ் இன இறால்களின் பெருநரம்பில் அது நொடிக்கு 200 மீட்டருக்கும் மேல். மனித நரம்பில் உச்சம் 120 அளவே.

இனி சூரஞ்சானுக்கு வருவோம். மூட்டுவலிக்கு இக்கிழங்கை அரபு மருத்துவ நூல்கள் நெடுங்காலமாகப் பரிந்துரைத்தன. யூனானி மருத்துவர் இன்றும் அறிந்த சரக்கு. இவ்வினத்துச் செடியிலிருந்து 1820இல் கோல்ச்சிசின் பிரிக்கப்பட்டது. கீல்வாதத்திற்கு அது இன்றும் வழங்கப்படுகிறது. உடலில் அது எதைப் பற்றுகிறது என்று 1967இல் போரிசியும் டெய்லரும் தேடியபோதுதான், நுண்குழலின் மூலப்பொருளாகிய டியூபுலின் அகப்பட்டது. கோல்ச்சிசின் அதனைப் பற்றிக்கொண்டால் குழல் மேலும் வளராது, மிகுந்தால் குலையும். நம் வீட்டு முற்றத்து நித்தியகல்யாணியிலிருந்து பெறப்படும் வின்கிரிஸ்டினும் இவ்வகையே. அணுப் பிளவுக்கும் இக்குழல்களே வேண்டுமாதலால் அது இரத்தப் புற்றுநோயை அடக்குகிறது. அதே காரணத்தால் நரம்பின் பாதையையும் குலைக்கிறது. மிக நீண்ட இழைகளே முதலில் பாதிக்கப்படுவதால், மரத்துப்போதல் பெரும்பாலும் விரல் நுனிகளில் தொடங்கும். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்குக் கோல்ச்சிசினும் நரம்பையும் தசையையும் வாட்டக்கூடும். இம்மருந்துகளை உண்போர் மரமரப்பைத் தொடக்கத்திலேயே மருத்துவரிடம் சொன்னால், அளவைக் குறைக்கவோ மருந்தை மாற்றவோ அவருக்கு வழியுண்டு.