மோதலுக்குச் சாட்சி சொல்லும் புறஊதா ஒளி

கும்ப ராசி மண்டலத் திசையில், சுமார் 22 கோடி ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது என்ஜிசி 7252. நடுவே உருண்டு திரண்ட ஒளி, அதைச் சுற்றிக் கலைந்த வளையங்கள், எதிரெதிர்த் திசைகளில் நீளும் இரண்டு வால்கள். அந்த வளையங்கள் எலெக்ட்ரான் பாதைகள் போலத் தெரிவதால், அமெரிக்க அதிபர் ஐசனோவர் 1953இல் ஐ.நா. சபையில் ஆற்றிய ‘அமைதிக்கு அணு’ உரையின் பெயரே இதற்கும் நிலைத்துவிட்டது.

இரண்டு விண்மீன் திரள்கள் மோதி ஒன்றாகிப் பிறந்தது இது. அப்படிப்பட்ட மோதலில் விண்மீன்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்வதில்லை. அவற்றுக்கிடையே இருக்கும் வெளி அவ்வளவு பெரியது. முட்டிக்கொள்பவை வாயு மேகங்கள்தான். அவை நெருக்குண்டு இறுகும்போது புதிய விண்மீன்கள் கொத்துக் கொத்தாகப் பிறக்கின்றன.

அந்தப் பிறப்பு எப்போது, எங்கே நடந்தது?

இதற்குப் பதில் புறஊதா ஒளியில் இருக்கிறது. பிறப்பவற்றில் எடை மிகுந்தவை கடுமையாகக் கொதித்துப் புறஊதாவைக் கொட்டும். எரிபொருளையும் விரைவில் தீர்த்துவிடும். சூரியனின் ஆயுள் சுமார் 1,000 கோடி ஆண்டு என்றால், இவற்றில் பலவற்றுக்குச் சில கோடி ஆண்டுகூடக் கிடையாது. ஆகவே ஓரிடத்தில் புறஊதா பளிச்சிட்டால், அங்கே அண்மையில் விண்மீன்கள் பிறந்திருக்க வேண்டும்.

இந்தக் கதிர்களின் பெரும்பகுதியை ஓசோன் படலம் தடுத்துவிடுவதால் தொலைநோக்கி விண்வெளிக்கே போக வேண்டும். 2003இல் நாசா ஏவிய கேலெக்ஸ் என்ற புறஊதாத் தொலைநோக்கி, பழைய நம்பிக்கை ஒன்றை அசைத்தது. நீள்வட்டத் திரள்கள் விண்மீன் பிறப்பை எப்போதோ முடித்துக்கொண்டவை என்றே கருதப்பட்டது. ஆனால் ஆராய்ந்தவற்றில் சுமார் 30 சதவீதத்தில், கடந்த 100 கோடி ஆண்டுக்குள் பிறந்த விண்மீன்களின் தடயம் கிடைத்தது. சிறு திரள்களை விழுங்கியது அதற்கு ஒரு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது.

2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட இந்தியாவின் அஸ்ட்ரோசாட்டில் யூவிட் என்ற இரட்டைப் புறஊதாத் தொலைநோக்கி உள்ளது. கேலெக்ஸைவிட ஏறக்குறைய மூன்று மடங்கு கூர்மையாகப் பார்க்கும் அது, என்ஜிசி 7252இன் மையத்தைச் சுற்றி நீல வளையம் ஒன்றைக் காட்டியது. வளையத்தின் விண்மீன்களுக்கு வயது சுமார் 30 கோடி ஆண்டுக்கும் குறைவு. உள்ளே இருப்பவை அவற்றைவிட மூத்தவை. மையக் கருந்துளையின் சீற்றம் அங்கிருந்த வாயுவைக் கலைத்து, புதிய பிறப்பை நிறுத்தியிருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

புறஊதாவை மட்டும் நம்பி முடிவுக்கு வந்துவிடவும் கூடாது. தூசி அதை மறைத்துவிடும். முதுமையில் சூடேறும் சில விண்மீன்களும் அதே ஒளியை உமிழும். அதனால்தான் அகச்சிவப்பு, கண்ணுறு ஒளிப் படங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்கள்.

கேலெக்ஸ் எடுத்த படங்களும் அஸ்ட்ரோசாட்டின் தரவுக் களஞ்சியமும் இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வானியலில் ஆர்வமுள்ள கல்லூரி மாணவர்கள் அவற்றை இறக்கி, தாங்களே ஆராய்ந்து பார்க்க வேண்டும்.