மலாக்காவுக்கு ஒரு நாள் பயணம்



லிஸ்பன், ஆம்ஸ்டர்டாம், இலண்டன் என்ற பெயர்களைப் பாடநூலில் படிக்கும் நம் பிள்ளைகள் அந்நகரங்களைக் காண ஆசைப்படுவது இயல்பே. அவ்வளவு தூரம் அனுப்பி வைக்க எல்லாக் குடும்பங்களாலும் இயலாது. ஆனால், அம்மூன்று நாட்டாரும் ஒருவர்பின் ஒருவராக வந்து ஆண்ட நகரம் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சுங்கை ரம்பாயிலிருந்து மெர்லிமாவ் வழியாகச் சென்றால் மலாக்கா. ஒரு சனிக்கிழமை போதும்.

சிவப்புக் கட்டடத்தின் முன் படம் எடுத்துக்கொண்டு, செண்டோல் குடித்துவிட்டுத் திரும்பினால் அது பொழுதுபோக்கு. அதுவும் வேண்டியதுதான். அதோடு ஒவ்வோர் இடத்திலும் மூன்று கேள்விகளைக் கேட்கப் பிள்ளைகளைப் பழக்குவோம். இதைக் கட்டியவர் யார்? எதற்காகக் கட்டினார்? இன்று இது யாருக்குப் பயன்படுகிறது?

ஏறத்தாழ 1400-ஆம் ஆண்டில் பரமேசுவரா அமைத்த துறைமுகம் இது. ஒரு பருவக்காற்றில் இந்தியக் கப்பல்கள் வரும். மறு காற்றில் சீனக் கப்பல்கள் வரும். திரும்பிப் போகும் காற்றுக்காக வணிகர்கள் மாதக்கணக்கில் இங்கே தங்கினார்கள். பழவேற்காடு, நாகப்பட்டினம் போன்ற துறைகளிலிருந்து தமிழ் வணிகர் துணி கொண்டுவந்து, கிராம்பும் சாதிக்காயும் வாங்கிச் சென்றனர். இவ்வூரில் 84 மொழிகள் பேசப்பட்டதாகப் போர்த்துகீசியரான தோமே பிரேசு எழுதி வைத்துள்ளார்.

அந்த வணிகத்தைக் கைப்பற்றவே 1511-இல் அல்புகர்க் படையெடுத்து வந்தார். பள்ளிவாசலையும் அரசர் கல்லறைகளையும் இடித்த கற்களையும் சேர்த்துக் கோட்டை எழுப்பினார். அதில் இன்று நிற்பது சந்தியாகு வாயில் மட்டுமே. அதன் நெற்றியில் 1670 என்ற ஆண்டு பொறித்திருப்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். போர்த்துகீசியர் கட்டிய வாயிலில் அந்த ஆண்டு எப்படி வந்தது? 1641-இல் ஊரைப் பிடித்த டச்சுக்காரர்கள் பழுதுபார்த்துத் தங்கள் கும்பினியின் சின்னத்தைப் பதித்தார்கள். மற்ற மதில்கள் எங்கே? ஐரோப்பியப் போர்களின்போது ஊரைத் தற்காலிகமாக வைத்திருந்த ஆங்கிலேயர், நாளை திருப்பிக் கொடுத்தால் கோட்டை தங்களுக்கு எதிராக நிற்குமே என்று அஞ்சி, 1807-இல் இடிக்கத் தொடங்கினர். 1824-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி ஊர் அவர்களிடமே வந்து சேர்ந்தது.

வாயிலுக்கு மேலே, குன்றின்மீது தூய பவுல் ஆலயத்தின் சுவர்கள் நிற்கின்றன. முத்துக்குளித்துறைப் பரதவரிடையே பணி செய்த பிரான்சிசு சேவியரின் உடல், 1553-இல் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்படுமுன் இங்கேதான் சில மாதங்கள் வைக்கப்பட்டிருந்தது. குன்றின் மறுபுறம் இறங்கினால் டச்சுக்காரரின் செந்நிற மாளிகையும், 1753-இல் முடிக்கப்பெற்ற கிறிஸ்து ஆலயமும் வரும்.

இத்துடன் பலர் திரும்பிவிடுகிறார்கள். நாமோ ஆற்றுப் பாலத்தைக் கடந்து பொற்கொல்லர் தெருவான ஜாலான் துக்காங் எமாசுக்குப் போக வேண்டும். அங்கே ஸ்ரீ பொய்யாத விநாயகர் ஆலயம் இருக்கிறது. டச்சு அரசு தாய்வநாயகம் செட்டியாருக்கு அளித்த நிலத்தில் 1781-இல் எழுந்தது. அதே தெருவரிசையில் பள்ளிவாசலும் சீனக் கோயிலும் உள்ளன. கோட்டை இடிந்தது, இம்மூன்றிலும் விளக்கு இன்றும் எரிகிறது.

சற்றுத் தொலைவிலுள்ள காஜா பெராங்கில் மலாக்காச் செட்டிகள் வாழ்கின்றனர். அந்தப் பழைய வணிகர்கள் இம்மண்ணில் மணமுடித்து வளர்ந்த வழித்தோன்றல்கள் இவர்கள். மாரியம்மனை வழிபடுகிறார்கள், பொங்கலையொட்டி முன்னோர்க்குப் படைத்துப் 'பரச்சு' கும்பிடுகிறார்கள். வீட்டில் பேசுவது மலாய்மொழி. வழிபாடு நிலைத்தது, தமிழ் நிலைக்கவில்லை. அவர்களைக் குறைகூற இதைச் சொல்லவில்லை. பல தலைமுறைகளாகத் தாய்நாட்டுத் தொடர்பும் தமிழ்ப்பள்ளியும் இல்லாமல் வாழ்ந்தால் என்ன நேரும் என்பதற்கு இது சான்று.

தோட்டத்துப் பிள்ளைகளில் சிலர், தமிழர் இந்நாட்டுக்குப் பால்மரம் வெட்டத்தான் முதன்முதலில் வந்தார்கள் என்று எண்ணுகிறார்கள். நம் பாட்டனார் பெரும்பாலும் அப்படி வந்தவர்களே. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அந்த வணிகர்கள் நம் பாட்டனாரும் அல்லர். ஆனால் அவர்கள் வந்ததும் இதே கடல்வழிதான். 2008-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரிய நகரம் என்று ஏற்ற ஊரின் வரலாற்றில் தமிழும் ஒரு பக்கம் என்பதைப் பிள்ளை தன் கண்ணால் காணட்டும்.

பெற்றோரே, முடிந்தால் நீங்களும் உடன் செல்லுங்கள். குடையும் தண்ணீரும் ஒரு குறிப்பேடும் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கேள்விகளுக்கும் கிடைத்த விடைகளை ஞாயிற்றுக்கிழமை ஒரு பக்கத்தில் எழுதி, வீட்டில் எல்லாரும் கேட்கப் படிக்கச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் தமிழில் இருக்கட்டும்.