கழுவிய கை காத்த நரம்பு

மருந்துக்கு முன்னே – 12

வியன்னா பொது மருத்துவமனையில் இரண்டு பிரசவ வார்டுகள். ஒன்றில் பிரசவம் பார்த்தவர்கள் டாக்டர்களும் மருத்துவ மாணவர்களும். மற்றதில், பயிற்சியில் இருந்த மருத்துவச்சிகள். 1846-ல் முதல் வார்டில் நூறு தாய்மாருக்குப் பதினோரு பேருக்கு மேல் பிரசவக் காய்ச்சலில் இறந்தார்கள். மருத்துவச்சிகளின் வார்டில் மூன்று பேர்கூட இல்லை. பிணவறையில் உடலை அறுத்த கையோடு மாணவர்கள் பிரசவத்துக்கு வந்ததுதான் காரணம் என்று கண்டுகொண்டவர் இக்னாஸ் செம்மல்வைஸ். 1847 மே மாதம் குளோரின் சுண்ணாம்புக் கரைசலில் எல்லோரையும் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த சாவு ஜூனில் 2 சதவீதமானது.

தாயைக் காப்பாற்றிய இந்தக் கதைக்கு இன்னொரு பாதி உண்டு. அது குழந்தையின் நரம்பைப் பற்றியது. அதைத் தர்மபுரி மாவட்டத்துப் பென்னாகரம் பக்கத்திலிருந்து பார்ப்பதுதான் பொருத்தம்.

வட்டுவனஹள்ளி ஊராட்சியின் கோட்டூர்மலை, ஏரிமலை, அலகட்டு போன்ற மலைக் கிராமங்களிலிருந்து, சாலை இல்லாததால் நோயாளிகளைத் தூளி கட்டித் தூக்கி வந்த செய்திகளை நாம் எத்தனையோ முறை படித்திருக்கிறோம். வலி எடுத்த பெண்ணுக்கு ஆஸ்பத்திரி எட்டாத தூரத்தில் இருந்தால், பிரசவம் வீட்டிலேயே நடந்துவிடும். அப்போது தொப்புள்கொடியை எதால் அறுக்கிறார்கள், எதால் கட்டுகிறார்கள், அதன்மேல் எதை வைக்கிறார்கள் என்பதில்தான் குழந்தையின் உயிர் இருக்கிறது.

ரணஜன்னி (டெட்டனஸ்) கிருமியின் வித்துகள் மண்ணிலும் சாணத்திலும் வருடக்கணக்கில் சாகாமல் கிடக்கும். கழுவாத கை, துருப்பிடித்த அரிவாள், பழைய பிளேடு, தொப்புளில் வைக்கும் சாணம் இவற்றின் வழியே உள்ளே நுழையும். காற்றுப் படாத புண்ணில் பெருகி, ஒரு நச்சைச் சுரக்கும். அந்த நச்சு நரம்பு இழை வழியே மேலேறித் தண்டுவடத்தை அடைகிறது. தசையை 'போதும், தளர்ந்துகொள்' என்று அடக்கும் நரம்புச் செல்கள் அங்கே இருக்கின்றன. நச்சு அவற்றின் வாயைக் கட்டிவிடுகிறது. அடக்க ஆளில்லாத தசைகள் இறுகுகின்றன. இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த பிள்ளைக்குத் தாடை பூட்டிக்கொள்ளும். தொட்டால், சத்தம் கேட்டால், உடம்பே வில்லாக விறைக்கும். பார்ப்பதற்கு நரம்பு நோய். பிறந்த இடமோ கழுவாத கை.

இதைத் தடுக்க நரம்பியல் நிபுணர் மலையேற வேண்டியிருக்கவில்லை. கர்ப்பிணிக்குப் போடும் தடுப்பூசியால் தாயிடம் உருவாகும் எதிர்ப்புச் சக்தி, நஞ்சுக்கொடி வழியே பிள்ளைக்கும் போகிறது. அதோடு சுத்தமான கை, சுத்தமான விரிப்பு, புது பிளேடு, சுத்தமான நூல், எதுவும் பூசாத தொப்புள் என்ற ஐந்தையும் கிராமத்து நர்ஸ்கள் வீடு வீடாகச் சொன்னார்கள். பிரசவங்கள் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்தன. தாய், சேய் ரணஜன்னியை ஒழித்த நாடாக இந்தியா 2015-ல் அறிவிக்கப்பட்டது. வித்துகள் இன்னும் மண்ணில்தான் இருக்கின்றன என்பதால், ஊசியையும் சோப்பையும் விட முடியாது.

கைக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பு பிரசவ அறையோடு முடிவதில்லை. பன்றி நாடாப்புழுவின் முட்டை, கழுவாத கையிலிருந்தும் பச்சைக் காய்கறியிலிருந்தும் வயிற்றுக்குப் போய், மூளையில் கட்டியாகத் தங்கி வலிப்பை உண்டாக்கும். பன்றிக்கறியைத் தொடாதவருக்கும் இது வரும். வேலூர் மாவட்டத்தில் நடந்து 2006-ல் வெளியான ஆய்வில், வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு இந்தப் புழுவே காரணமாக இருந்தது. 1949-ல் ஜேக்கப் சாண்டி இந்தியாவின் முதல் நரம்பு அறுவை மருத்துவத் துறையைத் தொடங்கியதும் அதே வேலூரில்தான். ஸ்கேனும் கத்தியும் இருந்த ஊரிலேயே, நோய் கழிப்பறையிலும் கை கழுவும் இடத்திலும் தொடங்கியது.

செம்மல்வைஸின் முடிவு கொடியது. அவருடைய மனம் குலைந்தது. மூளையைத் தாக்கிய மேகநோயா, முதுமைக்கு முன்பே வந்த மறதிநோயா என்று இன்றும் வாதிடுகிறார்கள். 1865 ஜூலை இறுதியில் மனநலக் காப்பகத்தில் அடைத்தார்கள். காவலாளிகள் அடித்தார்கள். இரண்டு வாரத்தில், புண்ணிலிருந்து ரத்தத்தில் ஏறிய சீழ்நஞ்சால், 47 வயதில் இறந்தார். எந்தச் சாவை அவர் தடுத்தாரோ, ஏறக்குறைய அதே சாவு.

செத்த மூளைச் செல்லை உயிர்ப்பிக்க எந்த மருந்தும் இல்லை. அதனால் பென்னாகரம் மலைக்குப் போடும் சாலையும், துணை சுகாதார நிலையத்தின் குழாயில் தண்ணீர் நிற்காமல் வருவதும் நரம்பு மருத்துவத்துக்கான செலவுதான். பட்ஜெட்டில் அவை வேறு தலைப்பில் இருப்பதால், அவற்றை நாம் அப்படி எண்ணிப் பார்ப்பதில்லை.

(தொடரும்)