கம்ப்யூட்டர் பில்லில் எண் மாறுவது எதனால்?

பேரேட்டில் கணக்குப்பிள்ளை அடித்துத் திருத்தினால் அந்தத் தடம் கண்ணில் படும். கம்ப்யூட்டரில் அப்படியில்லை; பழைய எண் மறைந்தே போய்விடுகிறது.

நம் உறுப்பினர் ஒருவரின் மொத்த விற்பனைக் கடையில் நடந்ததைச் சொல்கிறோம். 50 கிலோ சர்க்கரை கேட்ட வாடிக்கையாளர் பிறகு 150 கிலோ வேண்டுமென்றார். ஊழியர் பில்லில் 50க்கு முன்னால் 1 தட்டினார். வந்ததோ 10! நெரிசலில் யாரும் கவனிக்கவில்லை. மூன்று மூட்டை வண்டியேறியது. பாக்கிக் கணக்கில் 10 கிலோதான் ஏறியது. இரவு இருப்பு பார்த்தபோது பழி ஊழியர் மேல் விழுந்தது.

காரணம் 'இன்சர்ட்' விசை. பல பில் புரோகிராம்களில் அது ஒருமுறை அழுந்திவிட்டால், புதிய எழுத்து பழைய எழுத்தைத் தள்ளாமல் அதன் மேலேயே விழும். 5 இருந்த இடத்தில் 1 விழுந்து 10 ஆகிவிட்டது. மறுபடி அழுத்தினால் சரியாகிவிடும்.

நாங்கள் அதைத் தொடவே இல்லையே என்பீர்கள். வலப்பக்க எண் வரிசையில் 'நம்லாக்' அணைந்திருந்தால், 0 விசையே இன்சர்ட். புள்ளி விசை, எழுத்தை அழிக்கும் 'டெலிட்'. 1981இல் வந்த ஐ.பி.எம். கம்ப்யூட்டரின் கீ-போர்டில் 83 விசைகளே இருந்தன. அம்புக்குறிகளுக்குத் தனி இடம் இல்லாததால் எண் விசைகளே இரண்டு வேலையும் பார்த்தன. தனி அம்புக்குறிகள் வந்த பிறகும் அந்த வழக்கம் நீடிக்கிறது.

இன்னொன்று 'ஸ்க்ரோல் லாக்'. எக்செலில் விலைப்பட்டியல் பார்க்கையில், அம்புக்குறியை அழுத்தினால் கட்டம் மாறாமல் தாள் முழுவதும் நகர்கிறதா? இந்த விசையை ஒருமுறை அழுத்தினால் போதும். மெஷின் பழுதென்று ஆள் அனுப்ப வேண்டியதில்லை.

நாம் செய்ய வேண்டியவை மூன்று. காலையில் கடை திறந்ததும் எண் வரிசையில் 5ஐத் தட்டிப் பாருங்கள். எண் விழாவிட்டால் நம்லாக்கை அழுத்துங்கள். அளவைத் திருத்தும்போது ஓர் எண்ணை மட்டும் சேர்க்காமல், முழுவதையும் அழித்துப் புதிதாக அடியுங்கள். சரக்கு ஏற்றும் முன் பில்லிலுள்ள அளவை உரக்கப் படித்துக் காட்டுங்கள்.

மேற்படி கடையில் மறுநாள் அதே பில்லைப் போட்டுப் பார்த்தபின்தான் உண்மை தெரிந்தது. வாடிக்கையாளரும் மூட்டையை எண்ணி மீதியை ஒப்புக்கொண்டார். இல்லையேல் 140 கிலோ சர்க்கரையோடு நல்ல ஊழியரும் போயிருப்பார்.